அன்னம்மாள் பார்க்கும் பக்கம்

காஸ்தெல்வெந்தோ
12 அக்டோபர் 1986

அன்புத் தம்பி சபீனோவுக்கு,

மாதா கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடும் பாதி ஆரோக்கியத்தோடும் இருக்கிறோம். அக்டோபர் பிறந்ததும் என் முழங்கால் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. உன் இருமல் எப்படி? அந்தப் படம் பழுதுபார்க்கிற பட்டறையில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி மருந்து நெடியோடு மல்லுக்கட்டாமல் இரு.

தகரக் கூரை வீட்டில் ஆறாவது குளிர்காலம் தொடங்கப் போகிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகு, “ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம்” என்று சொல்லி எங்களை இங்கே கொண்டுவந்து வைத்த அமைச்சருக்கு இதற்குள் பேரப்பிள்ளைகள் பிறந்திருக்கும்.

பேரப்பிள்ளை என்றதும் சொல்கிறேன். என் மகள் லீனாவுக்கு மறுபடியும் நாள் தள்ளியிருக்கிறது. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. போன இரண்டு தடவையும் வெளியே சொன்ன பிறகுதான் கலைந்தது என்று பயப்படுகிறாள். காப்பிக்கடை போனில் பேசினால் சீட்டாடுகிறவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அதனால்தான் கடிதம்.

நேராகவே கேட்கிறேன். நம் கோயில் படத்து மருத்துவச்சி எப்போது வருவாள்? இடிந்த கோயிலிலிருந்து பட்டாளத்துக்காரர்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, “பத்திரமா வெச்சிருந்து திருப்பித் தருவோம்” என்றார்கள். இப்போது புதுக் கோயில் கட்டி முடித்தாகிவிட்டது. கான்கிரீட்டில், கவிழ்ந்த கப்பல் மாதிரி. பீடத்துக்குப் பின்னால் சுவர் காலியாக நிற்கிறது. அவெல்லீனோ மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் நேப்பிள்ஸ் என்கிறார்கள். நேப்பிள்ஸுக்கு எழுதினால் ரோம் என்கிறார்கள். ரோமிலிருந்து ஆயரைக் கேட்கச் சொன்னார்கள். ஆயர் அவெல்லீனோவைக் கேட்கச் சொல்லி ஆசீர்வாதமும் அனுப்பினார்.

நீ இருக்கிற மியூசியத்தில்தானே படம் இருக்கிறது? நீ கேட்டுச் சொல். அன்னம்மாள் மாதாவைப் பெற்றுப் படுத்திருக்கும் அந்தப் படத்தின் ஓரத்தில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு நம்மைப் பார்த்து நிற்பாளே, அவள் இடுப்புத் துணியின் ஓரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தால் லீனாவுக்குத் தைரியம் வரும்.

முத்தங்களுடன்,
அக்கா எர்மெலிந்தா


நேப்பிள்ஸ்
3 நவம்பர் 1986

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. லீனாவின் செய்தி படித்து மகிழ்ந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. என் இருமல் அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. முழங்காலுக்கு இங்கிருந்து தைலம் அனுப்புகிறேன்.

உனக்கு நல்ல செய்தி. போன வாரம் நம் படத்தைக் கிடங்கிலிருந்து எடுத்து எங்கள் பட்டறை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இத்தனை வருடம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்கிறது. மேலே ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. துடைத்ததும் முதலில் தெரிந்தது அவள் முகம்தான். நலமாக இருக்கிறாள். இடுப்புத் துணியின் ஓரத்தில் மட்டும், ஊர்ப் பெண்கள் தொட்டுத் தொட்டு, வண்ணம் தேய்ந்து கறுத்திருக்கிறது.

அடுத்த வருடம் இங்கே பெரிய கண்காட்சி வைக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் ஓவியங்கள் எல்லாம் வரும். அதில் நம் படத்தையும் வைக்க வேண்டும் என்று எங்கள் இயக்குநர் பெந்திவெங்கா விரும்புகிறார். அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலை என் பொறுப்பில் வரும் போலிருக்கிறது. கண்காட்சி முடிந்ததும் ஊருக்கு அனுப்புவது பற்றிப் பேசலாம் என்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தம்பி,
சபீனோ


காஸ்தெல்வெந்தோ
25 நவம்பர் 1986

அன்புத் தம்பிக்கு,

நேற்று முன்தினம் நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்கான பூசை. அம்மாவின் பெயரையும் வாசித்தார்கள். தைலம் வந்தது, கால் தேவலை.

உன் கடிதத்தை நம் கடையில் ரொட்டி வாங்க வந்த பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன், லீனா பற்றிய பகுதியை விட்டுவிட்டு. “நலமாக இருக்கிறாள்” என்ற இடத்தில் கிழவி ஜெல்சொமீனா அழுதேவிட்டாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள், “அது சரி, அவளுக்கு எதுக்குடி எக்ஸ்ரே? என்ன சீக்காம்?”

நானும் அதையேதான் கேட்கிறேன்.

பங்குச் சாமியார் தோன் வீத்தோவிடம் திரும்பவும் மனு எழுதச் சொன்னேன். சலித்துக்கொண்டார். “எர்மெலிந்தா, படத்துல அன்னம்மா இருக்காங்க, மாதா இருக்காங்க. நீங்க எல்லாரும் அந்த ஓரத்துல நிக்கிற பொம்பளையவே கேக்குறீங்க. அவ சாமியே இல்லையேம்மா.”

“சாமி இல்லதான் சாமி. அதனாலதான் அவகிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியுது” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மனு எழுதிக்கொடுத்தார்.

பேருந்து ஓட்டுநர் மூலம் பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். பட்டறையில் எல்லோருக்கும் பங்கு வைத்துத் தீர்த்துவிடாதே, நீயும் சாப்பிடு. அவளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அக்கா


நேப்பிள்ஸ்
19 டிசம்பர் 1986

அன்பு அக்காவுக்கு,

பண்டிகை நெருங்கிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் என் வாழ்த்து. பாலாடைக்கட்டி ருசியாக இருந்தது. நீ நினைத்தபடியே பங்கு வைத்துவிட்டேன்.

இதைக் கடையில் வாசிக்க வேண்டாம்.

எக்ஸ்ரே எடுத்தோம். அதில் மருத்துவச்சி இல்லை. அவள் நிற்கிற இடத்தில் இருட்டும், தரையில் ஒரு செம்புத் தொட்டியும் மட்டும் தெரிகின்றன. படம் வரைந்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, வேறொருவன் அவளை மேலே வரைந்து சேர்த்திருக்கிறான். வண்ணமும் வேறு, மலிவானது. கை தேர்ந்தவன் அல்ல. கழுத்துக்கும் தோளுக்கும் பொருத்தமே இல்லை, சிறு வயதில் நமக்கு அது தெரியவில்லை.

செம்புத் தொட்டியின் விளிம்பில் ஏதோ எழுத்து இருப்பது போலத் தெரிகிறது. அது பேர்பெற்ற ஓவியர் தெல் பால்சோவின் கையெழுத்தாக இருந்தால், மலையூர்க் கோயில்களில் இதுவரை யாரும் கண்டெடுக்காத பெரிய ஓவியம் இதுதான் என்கிறார் பெந்திவெங்கா. அந்த இடம் சரியாக அவளுடைய இடுப்புத் துணிக்கு அடியில் இருக்கிறது.

என்ன செய்வது என்று முடிவெடுக்க ஜனவரியில் கூட்டம் போடுகிறார்கள். அவளும் படத்தின் சரித்திரம்தான், விட்டுவிட வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவும் முடிவாகவில்லை. நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

லீனாவைப் பார்த்துக்கொள்.

சபீனோ


காஸ்தெல்வெந்தோ
27 டிசம்பர் 1986

சபீனோ,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவள் பின்னால் வந்தவள் என்று கண்டுபிடிக்க எக்ஸ்ரே எதற்கு? என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. மருத்துவச்சி என்றாலே பின்னால் வருபவள்தான். வலி கண்ட பிறகுதானே அவளைக் கூப்பிடுவார்கள்?

அந்தக் காலத்து நிலநடுக்கத்தில் ஊர் பாதி அழிந்தபோது, ஓடாமல் இருந்து வயல்வெளியில் பிரசவம் பார்த்தவளை இந்த ஊர்ப் பெண்கள் படத்தில் ஏற்றி வைத்தார்கள் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குக் கழுத்து பொருந்தவில்லையாம். ஜெல்சொமீனாவுக்கும்தான் கழுத்து பொருந்தவில்லை, அவளையும் அழித்துவிடலாமா?

நீ பிறந்த அன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. எனக்கு இருக்கிறது. காலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாய். அம்மா கத்துகிற சத்தம் தெரு முனை வரை கேட்டது. அத்தை என்னைக் கோயிலுக்கு விரட்டினாள். “ஓடு, அவ துணியப் பிடிச்சுக்க, சத்தம் நிக்கிற வரைக்கும் விடாத” என்றாள். பத்து வயதுப் பிள்ளை நான், ஸ்டூலில் ஏறி அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்ணம் தேய்ந்து கறுத்திருக்கிறது என்று எழுதினாயே, அதில் என் விரலும் உண்டு.

கூட்டத்தில் நீ பேசு. அந்த மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களில் நம் ஊரில் பிறந்தவன் நீ ஒருவன்தான். பேசிவிட்டு எனக்கு எழுது.

எர்மெலிந்தா


காஸ்தெல்வெந்தோ
8 பிப்ரவரி 1987

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்கிறாயா? ஜனவரி முழுவதும் தபால்காரரை வழிமறித்தேன். “ஒண்ணும் இல்ல எர்மெலிந்தா, எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டு என்ன பண்ண?” என்கிறார். உனக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே? இருமல் முற்றிவிட்டதோ என்று ஒரு நாள் கவலை, எழுதாமல் இருக்கிறானே என்று மறுநாள் கோபம்.

லீனாவுக்கு ஆறு மாதம் ஆகிறது. இந்தத் தடவை தங்கிவிட்டது. வயிற்றில் உதைக்கிறதாம். ஆனாலும் ரத்த அழுத்தம் கூடுகிறது என்று நேப்பிள்ஸ் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்கிறார்கள். மாத முடிவில் மாப்பிள்ளை அழைத்து வருகிறார்.

கூட்டம் நடந்ததா? நீ என்ன சொன்னாய்? இங்கே யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் கேட்கிறாள், நானும் “வந்துடுவா, வந்துடுவா” என்று ரொட்டியோடு சேர்த்துப் பொய்யையும் பொட்டலம் கட்டுகிறேன்.

உடனே எழுது.

அக்கா


நேப்பிள்ஸ்
20 பிப்ரவரி 1987

அன்பு அக்காவுக்கு,

மன்னித்துக்கொள், வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. லீனாவின் செய்தி ஆறுதலாக இருந்தது.

படம் சம்பந்தமான விஷயங்கள் உரிய முறையில் நடந்துகொண்டிருக்கின்றன. கண்காட்சி மே மாதம் தொடங்கும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

லீனா வரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்யச் சொல், நானே அங்கு வந்து பார்க்கிறேன். பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். இங்கே ரசாயன நெடி, அவளுக்கு இப்போது ஆகாது.

முழங்காலைக் கவனித்துக்கொள்.

சபீனோ


காஸ்தெல்வெந்தோ
10 மார்ச் 1987

சபீனோ,

லீனா ஊர் திரும்பி ஒரு வாரமாகிறது. டாக்டர்கள் நல்ல வார்த்தைதான் சொன்னார்களாம். அப்படியிருந்தும் அவள் வந்ததிலிருந்து பேசவில்லை. சூப் வைத்தால் குடிக்கிறாள், கிண்ணத்தைக் கழுவி வைக்கிறாள், போய்ப் படுத்துக்கொள்கிறாள். நேற்றுதான் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்த என் பின்னால் வந்து நின்றாள்.

“அம்மா, நான் மாமாவ பார்த்தேன்.”

“ஆஸ்பத்திரிக்கு வந்தானா?”

“இல்ல. மத்தியானம் வரச் சொல்லி மாமாவுக்குப் போன் பண்ணிருந்தேன், ஆனா டாக்டர் சீக்கிரம் அனுப்பிட்டாரு. பட்டறைக்கு நானே போனேன். வாசல்ல யாரும் இல்ல. கதவத் தள்ளினேன். மாமா எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. கையில குச்சி, குச்சியில பஞ்சு. மருத்துவச்சிக்கு முகம் இருந்துச்சும்மா. தோளு இருந்துச்சு. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. மாமா பஞ்ச அவ தோள்ல வெச்சு மெதுவா சுத்தினாரு, குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி. எடுத்தப்ப பஞ்சு பழுப்பா இருந்துச்சு. கீழ ஒரு பேசின் நிறைய அந்தப் பஞ்சுதான்.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. கதவச் சாத்திட்டு வந்துட்டேன். அவருக்கு நான் வந்ததே தெரியாது.”

இப்போது தெரிந்துகொள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்காகக் காத்திருந்தாயா? அதை மட்டும் கேட்கிறேன். இல்லை, இன்னொன்றும் கேட்பேன். கூட்டத்தில் நீ என்ன சொன்னாய்?

எர்மெலிந்தா


நேப்பிள்ஸ்
2 ஏப்ரல் 1987

அக்கா,

இதை எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அன்று சாயங்காலம் வரை நின்றேன், கையில் குழந்தைக்கு வாங்கிய போர்வையோடு. லீனா ஏன் வரவில்லை என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. போர்வையை இத்துடன் அனுப்புகிறேன்.

முடிவு எடுத்தாகிவிட்டது. யாராவது செய்தே தீர வேண்டிய வேலை. பக்கத்து மேசைக்காரன் கையில் கொடுத்திருந்தால் கத்தியால் இரண்டே நாளில் சுரண்டி எறிந்திருப்பான். நான் வாரக்கணக்கில் செய்தேன். முகத்தைக் கடைசியாகத்தான் தொட்டேன். அவளை ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

தொட்டியின் விளிம்பில் கையெழுத்து இருந்தது. முழுப் பெயர், வருடம், எல்லாம். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. இருபது வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், இப்படி ஒன்று இனி எனக்கு வாய்க்காது. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. பொய் எழுதக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு விஷயம் உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கையெழுத்து கிடைத்த பிறகு பெந்திவெங்காவின் பேச்சு மாறிவிட்டது. “இனிமே அது காஸ்தெல்வெந்தோ படம் இல்ல சபீனோ, தெல் பால்சோ படம்” என்கிறார். திருப்பி அனுப்புவது பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

லீனாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

சபீனோ


காஸ்தெல்வெந்தோ
14 ஜூன் 1987

சபீனோவுக்கு,

மே மாதம் பத்தொன்பதாம் தேதி லீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். பெயர் லெத்தீசியா. தந்தி கொடுக்கவில்லை என்று நீ வருத்தப்பட்டிருந்தால், அதற்காகத்தான் கொடுக்கவில்லை.

சுலபமாகப் பிறக்கவில்லை. ஒரு பகலும் ஒரு இரவும். “அவள நெனச்சுக்கோ லீனா, மனசுல துணியப் பிடிச்சுக்கோ” என்று நான் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “கண்ண மூடினா பஞ்சுதாம்மா தெரியுது” என்றாள். அவெல்லீனோ ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் கையை நீலம் பாரிக்கும் வரை பிடித்துக்கொண்டு பெற்றாள்.

போன ஞாயிறு பேருந்து பிடித்துக் கண்காட்சிக்கு வந்தோம். பேருந்து நிறையப் பெண்கள், கூட தோன் வீத்தோ. உன்னைத் தேடினேன். அன்று உனக்கு விடுப்பு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று எனக்கும் தெரியும்.

சத்தம் போடத் தயாராகத்தான் வந்தேன். படத்தின் முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். “கயித்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்கம்மா” என்றான் காவலாள். ஜெல்சொமீனா கயிற்றின் மேலாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “ஏண்டி, இது நம்ம படமா? வேற எதையோ காட்டி நம்மள அனுப்பப் பாக்குறாங்களா?”

நம் படம்தான். அன்னம்மாளின் சிவப்புப் போர்வை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பெண்கள், எல்லாம் அப்படியே, நீ துடைத்ததில் பளபளவென்று. ஓரத்தில் மட்டும் தொட்டியும் இருட்டும். அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். இத்தனை வருடம் மருத்துவச்சி நம்மைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நாமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்னம்மாளை யாரும் பார்க்கவில்லை. தலையணையில் சாய்ந்து, அவள் அந்த ஓரத்தைத்தான் பார்க்கிறாள். மற்ற பெண்கள் எல்லோரும் குழந்தையைச் சுற்றிக்கொண்டு இவளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். அதனால்தான் சரியாக அந்த இடத்தில் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

உன் பெந்திவெங்கா ஒரு பத்திரிகைக்காரரோடு வந்தார். வெள்ளைக் கோட்டு, நல்ல மனிதர் போலச் சிரித்தார். ஊர்ப் பெண்கள் என்றதும் படத்தைப் பற்றி எங்களுக்கு விளக்க ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன்.

“ஐயா, அன்னம்மா யாரப் பாக்குறாங்க?”

“வெற்றிடத்தப் பாக்குறாங்கம்மா. அந்த இருட்ட! தெல் பால்சோவோட மேதைமையே அதுதான்.”

“வெற்றிடத்த இல்லீங்க. ஆளத் தேடுறாங்க. பிள்ளை பெத்து உடம்பு ஓய்ஞ்சு கெடக்குறவ வேற எதத் தேடுவா? பக்கத்துல இருந்த ஒருத்தியையும் நீங்க தொடைச்சு எடுத்துட்டீங்க.”

பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். பெந்திவெங்கா இன்னும் சிரித்துக்கொண்டே சொன்னார், “அது ஏகமனதா எடுத்த முடிவும்மா. எங்க கூட்டத்துல ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசல.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட.”

நான் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோன் வீத்தோ இத்தனை நாள் இல்லாத தைரியம் வந்து, மாதா பிறந்தநாள் திருவிழாவுக்காவது படத்தை ஒரு வாரம் அனுப்பக் கூடாதா என்று கேட்டார். பத்திரிகைக்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அனுப்பலாமே ஐயா?” என்றார். பெந்திவெங்கா கைகளை விரித்தார். “எனக்கென்ன ஆட்சேபம்? படம் பயணம் தாங்கும்னு பட்டறையில எழுதிக்கொடுத்தா மறுநாளே அனுப்பிடுறேன்.”

பட்டறை என்றால் நீ என்பது அவருக்குத் தெரியும். நீ என்ன எழுதுவாய் என்பதும் தெரியும் போலச் சிரித்தார்.

பேருந்தில் திரும்பும்போது இனி அந்தப் படம் நமக்கு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மருத்துவச்சி இல்லாத படத்தை வைத்து என்ன செய்வது? வீடு வந்ததும் லீனாதான், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, “அன்னம்மாவ அங்க தனியா விட்டுட்டா வந்தீங்க?” என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகு இந்த ஊரில் ஒருத்திக்கும் நிம்மதி இல்லை.

மனு அனுப்பிவிட்டோம். போர்வை வந்தது. குழந்தைக்குப் போர்த்தியிருக்கிறோம்.

எர்மெலிந்தா


நேப்பிள்ஸ்
5 ஜூலை 1987

அன்பு அக்காவுக்கு,

லெத்தீசியாவுக்கும் லீனாவுக்கும் என் முத்தங்கள். உன் கால் வெயிலில் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெந்திவெங்கா என்னை அறைக்குக் கூப்பிட்டார். “மலைப்பாதை, ஈரம், பழைய கித்தான் துணி, கான்கிரீட் கோயில்… எழுதுறதுக்குக் காரணமா இல்ல? நீ பக்குவமா எழுதிடு சபீனோ” என்றார்.

படம் நல்ல நிலையில் இருக்கிறது, பயணம் தாங்கும் என்று எழுதி, தட்டச்சு செய்து, பத்திரிகைக்காரருக்கும் ஒரு பிரதி போகும்படி பார்த்துக்கொண்டேன். உண்மையும் அதுதான். கழுதை முதுகில் மலையேறி வந்த படம் அது.

ஆகஸ்டிலிருந்து எனக்குப் பட்டறையில் வேலை இல்லை. படச் சட்டங்கள் அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே ரசாயனம் இல்லை. இருமலுக்கு நல்லது.

பெட்டி கட்டும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தோன் வீத்தோவிடம் மெழுகுவர்த்திகளைப் படத்துக்கு அருகில் வைக்க வேண்டாம் என்று சொல். பின்பக்கம் கதவைத் திறந்து போட வேண்டாம்.

அக்கா, கூட்டத்தில் என்ன சொன்னாய் என்று நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை.

சபீனோ


காஸ்தெல்வெந்தோ
16 செப்டம்பர் 1987

அன்புத் தம்பி சபீனோவுக்கு,

எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே இந்த ஒரு வாரமாக மறந்துவிட்டது.

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ பெட்டி கட்டியிருந்த அழகைப் பார்த்து, அதைப் பிரிக்கவே ஆட்களுக்கு மனம் வரவில்லை. கான்கிரீட் கோயிலில் அலாரம் பொருத்தியே ஆக வேண்டும் என்று மியூசியத்தார் ஆள் அனுப்பிப் பொருத்தினார்கள். பூசைக்கு மணி அடித்தால் அலாரமும் சேர்ந்து அடிக்கிறது. திருவிழா அன்று மூன்று தடவை போலீஸ் வந்தது. மூன்றாவது தடவை அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நற்கருணை வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதல் நாளே ஜெல்சொமீனா தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, படத்தின் ஓரத்தில், அந்த இருட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். படத்தோடு வந்த காவலாள் கேட்டான், “பாட்டி, படத்துக்குக் காவல் நாங்க இருக்கோம். நீங்க யாருக்குக் காவல்?”

“படத்துக்கு நீ இருந்துக்கோ. பிள்ளை பெத்தவளுக்கு நான் இருக்கேன்” என்றாள்.

அவள் எழுந்ததும் இன்னொருத்தி உட்கார்ந்தாள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. காய்கறி நறுக்குகிறவள் நறுக்கினாள், பின்னுகிறவள் பின்னினாள். அந்த நாற்காலி ஒரு நேரமும் காலியாக இல்லை. புதன்கிழமை லீனா குழந்தையோடு உட்கார்ந்தாள். அன்னம்மாள் அவளைத்தான் பார்த்தாள். நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன், தோன் வீத்தோவும் கண்டார். அவர் போய் அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

லெத்தீசியாவுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. உன்னை ஞானத்தகப்பனாக லீனா கேட்கிறாள். நான் கேட்கவில்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன், அவ்வளவுதான். அக்டோபரில் ஏதாவது ஒரு ஞாயிறு என்று தோன் வீத்தோ சொல்லியிருக்கிறார். எந்த ஞாயிறு உனக்கு வசதி என்று எழுது.

படத்தை எடுத்துப்போக இன்று காலை லாரி வந்தது. நீயும் அதில் வருவாயோ என்று எட்டிப் பார்த்தேன். நீ இல்லை. நல்லதாகப் போயிற்று.

ஆட்கள் உள்ளே போனபோது அங்கே இருந்தது ஒற்றை நாற்காலி அல்ல. கோயிலில் இருந்த நாற்காலி, வீட்டு நாற்காலி, காப்பிக்கடை நாற்காலி எல்லாம் படத்தின் முன்னால் இடித்துக்கொண்டு கிடந்தன, எல்லாவற்றிலும் ஆள். யாரும் சத்தம் போடவில்லை. லாரிக்காரர் நல்ல மாதிரி, “எழுந்திரிங்கம்மா, எனக்கு வேலை போயிடும்” என்று கெஞ்சினார். அவருக்குக் காப்பியும் ரொட்டியும் கொடுத்தோம். காப்பிக்கடை போனிலிருந்து பெந்திவெங்காவைக் கூப்பிட்டார்கள். அவர் அவெல்லீனோவைக் கேட்கச் சொன்னார். அவெல்லீனோவில் ரோமைக் கேட்கச் சொன்னார்கள்.

லாரி இன்னும் வாசலில் நிற்கிறது. கடிதத்தை இத்துடன் முடிக்கிறேன். அடுத்து நான் உட்கார வேண்டும்.

உன் அக்கா,
எர்மெலிந்தா